பதினோராவது படிக்கும் மகளுக்கு முகமெல்லாம் பரு: ஏன் வருகிறது, இப்போது என்ன செய்யலாம்?

வட சென்னை கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு தாய் கேட்ட கேள்வி இது: "மகளுக்கு 16 வயது. ஒரு வருடமாக நெற்றியிலும் கன்னத்திலும் பரு. உடம்புச் சூடு என்று மாமியார் சொன்னதால் மீன், கருவாடு, முட்டை எல்லாம் நிறுத்திவிட்டேன். தினமும் நாலைந்து தடவை சோப்பு போட்டு முகம் கழுவுகிறாள். தெருவில் பார்லர் வைத்திருக்கும் பெண் சொன்ன கிரீமைத் தடவியதும் பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆனது. நிறுத்தினால் முன்னைவிட அதிகமாக வருகிறது. எங்கள் பக்கத்துத் தண்ணீர் காரணமா, மணலித் தொழிற்சாலைப் புகை காரணமா? பரு ஏன்தான் வருகிறது?"

சகோதரி, நான் தண்டையார்பேட்டையில் இருபது வருடத்துக்கு மேலாக மருந்துக்கடை கவுண்டரில் நிற்கும் பார்மசிஸ்ட். உங்கள் கேள்வியில் ஒரு வரியை மட்டும் மூன்று தடவை படித்தேன். "நிறுத்தினால் முன்னைவிட அதிகமாக வருகிறது" என்ற வரி. அதற்குத்தான் வரப்போகிறேன். ஆனால் பரு எப்படி உருவாகிறது என்று தெரியாவிட்டால் மீனிலிருந்து மாமியார் வரைக்கும் எல்லோர் மேலும் சந்தேகம் போய்க்கொண்டே இருக்கும். அதனால் முதலில் அது.

முகத்தில் இருக்கும் ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஒரு எண்ணெய்ச் சுரப்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது. தோல் வறண்டு போகாமல் இருக்க அது கொஞ்சம் மெழுகு மாதிரியான எண்ணெயைச் சுரந்து, மயிர்க்காலின் வாய் வழியாக வெளியே விடும். நெற்றி, மூக்கு, கன்னம், தாடை, மார்பு, முதுகின் மேல்பக்கம் ஆகிய இடங்களில் இந்தச் சுரப்பிகள் பெரிதாகவும் நெருக்கமாகவும் இருக்கும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அவை கிடையாது. அங்கே யாருக்கும் பரு வந்து பார்த்திருக்க மாட்டீர்கள்.

பருவ வயதில் ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கூடுகிறது. ஆண்களின் ஹார்மோன் என்று அதைச் சொல்வார்கள். ஆனால் பெண்களின் சினைப்பையும் அட்ரினல் சுரப்பியும் அதைச் சுரக்கத்தான் செய்கின்றன. அது சொன்னபடி எண்ணெய்ச் சுரப்பி பெரிதாகி, எண்ணெயை அதிகமாகக் கொட்டுகிறது. அதே நேரத்தில் மயிர்க்காலின் உட்சுவரிலிருந்து உதிர்ந்து வெளியேற வேண்டிய செத்த செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வாயை அடைக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்த அடைப்புதான் பருவின் தொடக்கம். இது பருவாக வெளியே தெரிய ஏறக்குறைய எட்டு வாரம்கூட ஆகலாம். அப்படியென்றால், நேற்று சாப்பிட்ட வஞ்சிரம் இன்று காலை கன்னத்தில் பருவாக நிற்கிறது என்ற கணக்கு எப்படிச் சரியாகும்?

அடைப்புக்குக் கீழே எண்ணெய் தேங்குகிறது. அங்கே க்யூட்டிபாக்டீரியம் அக்னிஸ் என்ற பாக்டீரியா பெருகுகிறது. இது வெளியிலிருந்து வந்து தொற்றுவது இல்லை. உங்கள் முகத்திலும் என் முகத்திலும் இப்போதே இருக்கிறது. காற்றுப் புகாத இடமும் எண்ணெயும் கிடைத்தால் அதற்குக் கொண்டாட்டம். அதை எதிர்த்து உடம்பு போடும் சண்டைதான் சிவப்பு, வலி, சீழ் எல்லாம். மயிர்க்காலின் சுவர் ஆழத்தில் கிழிந்தால் கல் மாதிரி கட்டியாகி, ஆறிய பிறகு பள்ளம் விழுகிறது.

மூக்கின் மேல் வரும் கரும்புள்ளியை அழுக்கு என்று நினைத்துத் தேய்க்கிறார்கள். அந்தக் கறுப்பு அழுக்கு கிடையாது. அடைப்பின் வாய் திறந்திருப்பதால் அதில் உள்ள நிறமியும் எண்ணெயும் காற்றுப் பட்டுக் கறுத்திருக்கின்றன. வாய் மூடியிருந்தால் அரிசிக் குருணை மாதிரி வெள்ளையாகத் தெரியும். அதைச் சிலர் 'வெண்புள்ளி' என்று எழுதுகிறார்கள், தயவுசெய்து வேண்டாம். வெண்குஷ்டம் என்ற புண்படுத்தும் பெயருக்குப் பதிலாக வேறொரு தோல் பிரச்சினைக்குப் போராடி வாங்கிய பெயர் அது.

சரி, நீங்கள் சந்தேகப்பட்டவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மீன். அதை இன்றைக்கே திரும்பச் சமையுங்கள். பாப்புவா நியூகினி பக்கம் கிட்டாவா என்று ஒரு தீவு. அங்கே 1,200 பேரைப் பரிசோதித்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. ஒருவருக்குக்கூட முகப்பரு இல்லை. அவர்களுடைய அன்றாடச் சாப்பாடு கிழங்கு, பழம், தேங்காய், மீன். பரம்பரையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதால் சாப்பாடு மட்டும்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் மீன் பருவைக் கிளப்பும் என்ற பயத்துக்கு இடமே இல்லை. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு, வளரும் பிள்ளைக்கு மீனையும் முட்டையையும் நிறுத்துவது அவள் உடம்புக்குச் செய்யும் நஷ்டம்.

சூடு. பெரியவர்கள் இந்தச் சொல்லால் பல விஷயங்களைச் சேர்த்துச் சொல்கிறார்கள். கத்திரி வெயிலில் முதுகில் அரிப்போடு பொடிப்பொடியாக வருவது வேர்க்குரு. வியர்வைக் குழாய் அடைபடுவதால் வருவது. ஒற்றையாகப் பெரிதாக வந்து, முளை வைத்து, பழுத்து உடைவது வேனல் கட்டி. அது ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற வேறொரு பாக்டீரியா மயிர்க்காலில் புகுவதால் வருவது. மாம்பழம் வரும் மாதமும் அதுதான் என்பதால் பழி மாம்பழத்துக்குப் போகிறது. இவை இரண்டும் முகப்பரு இல்லை. இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். நெற்றியிலும் மார்பிலும் முதுகிலும் எல்லாம் ஒரே அளவில், அரிப்போடு வந்தால் அது ஈஸ்ட் வகைப் பூஞ்சையால் வருவதாக இருக்கலாம். நம் ஊர் வியர்வைக்கு அது நன்றாக வளரும். பருவுக்கான ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் அது கூடத்தான் செய்யும். ஆகவே மகளுக்கு அரிக்கிறதா என்று கேளுங்கள்.

தண்ணீர். நம் பக்கத்து போர் தண்ணீரில் உப்பு அதிகம், உண்மைதான். அதில் சோப்பு நுரைக்காது. படிவாக முகத்தில் நின்று வறட்சியும் எரிச்சலும் தரும். ஆனால் மயிர்க்காலுக்குள் அடைப்பை உண்டாக்குவது தண்ணீர் இல்லை. முகம் கழுவ மட்டும் ஒரு சொம்பு மெட்ரோ வாட்டர் எடுத்து வைத்தால் போதும். நாலைந்து தடவை சோப்பு போடுவதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை. பரு உள்ளே உருவாகிறது. மேலே தேய்ப்பதால் தோலின் பாதுகாப்புப் படலம்தான் போகும். அதோடு "நீ சுத்தமாக இல்லை, அதனால்தான் பரு" என்று யாராவது அவளிடம் சொல்லியிருந்தால், அது பொய் என்று நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

மணலிப் புகை. நம் பக்கத்துக் காற்றைப் பற்றிக் கவலைப்பட நமக்கு எல்லா நியாயமும் உண்டு. தொழிற்சாலை ரசாயனத்தால் வரும் பரு என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது; குளோரக்னே என்பார்கள். 1976இல் இத்தாலியின் செவேசோ நகருக்குப் பக்கத்தில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையிலிருந்து டையாக்சின் என்ற நச்சு கசிந்தபோது சுமார் 200 பேருக்கு அது வந்தது, பெரும்பாலும் குழந்தைகளுக்கு. ஆனால் அதன் தோற்றமே வேறு: கண்ணுக்கு வெளிப்பக்கமும் காதுக்குப் பின்னாலும் கரும்புள்ளிகளும் வைக்கோல் நிறக் கட்டிகளும் கூட்டமாக வரும். 16 வயதுப் பெண்ணின் நெற்றியிலும் கன்னத்திலும் ஒரு வருடமாக வந்துபோகும் பரு அந்த ரகம் இல்லை. எண்ணெயால் வரும் பருவை வியாசர்பாடி லேத்துப் பட்டறைப் பையன்களிடம் நானே பார்த்திருக்கிறேன். கட்டிங் ஆயில் ஊறிய பேன்ட் தொடையில் ஒட்டி, அங்கே வரிசையாக வரும். உடையை மாற்றித் தினமும் துவைத்தால் பாதி அடங்கும்.

அப்படியென்றால் எது காரணம்? முதலில் பரம்பரை. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில், ஒருவருக்கு ஒருவர் பரு மாறுபடுவதில் ஏறக்குறைய 80 சதவீதம் பரம்பரையைச் சேர்ந்தது என்று தெரிந்தது. உங்களுக்கோ வீட்டுக்காரருக்கோ அந்த வயதில் பரு இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். அடுத்தது ஹார்மோன். மாதவிலக்குக்கு ஒரு வாரம் முன்பு பரு கூடுவது சாதாரணம். ஆனால் மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருகிறதா, மோவாயிலும் மேலுதட்டிலும் முடி வளர்கிறதா, எடை கூடுகிறதா என்று கவனியுங்கள். இருந்தால் எல்லோரும் பி.சி.ஓ.டி. என்று சொல்லும் சினைப்பைப் பிரச்சினைக்குப் பரிசோதனை தேவை. அப்போது முகத்தில் எதைத் தடவினாலும் முழுப் பலன் கிடைக்காது.

சாப்பாட்டில் கொஞ்சம் ஆதாரம் இருப்பது இனிப்புக்கும் மைதாவுக்கும்தான். இரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் உணவு இன்சுலினை ஏற்றும். இன்சுலின் எண்ணெய்ச் சுரப்பியையும் உசுப்பிவிடும். டியூஷன் முடிந்து வரும்போது தினம் ஒரு குளிர்பானமும் பன்னும் என்றால் அதைக் குறைக்கலாம். பாலுக்கும் பருவுக்கும் ஓரளவு தொடர்பு காட்டும் ஆய்வுகள் உண்டு. இரண்டு வேளை டீயை நிறுத்தும் அளவுக்கு இல்லை. ஜிம்முக்குப் போகும் பையன்களின் கதை வேறு. பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீன் பொடியால் சிலருக்கு முதுகெல்லாம் பரு வரும். "சைஸ் ஏத்தற ஊசி" போட்டவர்களுக்கு வருவது இன்னும் மோசமாக இருக்கும்.

நெற்றிப் பருவுக்கு நான் முதலில் பார்ப்பது தலைமுடியை. பள்ளிக்கூடத்துக்கு எண்ணெய் வழித்து இரட்டைச் சடை போட்டு அனுப்புகிறோம். பத்து மணி வெயிலில் அந்தத் தேங்காய் எண்ணெய் வியர்வையோடு நெற்றியில் இறங்கி, நாள் முழுக்க அங்கேயே நிற்கிறது. மயிர்க்கால் அடைபட வேறென்ன வேண்டும்? இரவில் தேய்த்தாலும் தலையணை வழியாகக் கன்னத்துக்கு வரும். எண்ணெயை வாரத்தில் இரண்டு நாள், குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வைத்து, அலசிவிடச் சொல்லுங்கள். தலையணை உறையை வாரம் இரண்டு தடவை மாற்றுங்கள்.

சில மருந்துகளும் பருவைக் கொண்டுவரும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாய்ன், மனநலத்துக்கான லித்தியம், காசநோய்க்கான ஐசோனியாசிட், அடிக்கடி போடும் பி12 ஊசி. நம் பகுதியில் டி.பி. மாத்திரை சாப்பிடுபவர்கள் நிறைய இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: பரு வந்தது என்று அந்த மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் சொன்னால் போதும்.

மருந்துகளில் முகத்தை அதிகம் கெடுப்பது எது என்று என்னைக் கேட்டால், உங்கள் வீட்டில் இருக்கும் அந்த கிரீமைத்தான் காட்டுவேன்.

ட்யூபை எடுத்து, பெயரைப் பார்க்காமல், பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளுவோசினோலோன் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை. சரியான நோய்க்கு, சரியான இடத்தில், சில நாள் போட்டால் அற்புதமாக வேலை செய்யும். ஆனால் பருவுக்கு அது மருந்தே இல்லை. முதல் பத்து நாள் உடம்பின் எதிர்ப்பை அமுக்குவதால் சிவப்பும் வீக்கமும் அடங்கும். இரத்தக் குழாய் சுருங்கி முகம் வெளுப்பாகத் தெரியும். பார்லர் பெண்ணுக்கும் உங்களுக்கும் மகளுக்கும் அது குணம் என்றே தோன்றும். உள்ளே அடைப்பு அப்படியே இருக்கும். வாரக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, கன்னத்தில் சிவப்பு நரம்புகள் தெரிய ஆரம்பிக்கும், பூனைமுடி வளரும். ஸ்டீராய்டே ஒரே அளவிலான புதுப் பருக்களைக் கொண்டுவரும். நிறுத்தினால் ஒரு வாரத்துக்குள் முகம் எரிந்து, சிவந்து, எல்லாம் பொங்கிக்கொண்டு வரும். பயந்துபோய் மறுபடி தடவுவார்கள். அந்தச் சுழலுக்குள்தான் உங்கள் மகள் இப்போது நிற்கிறாள் என்று நினைக்கிறேன்.

இந்தியாவில் இது எவ்வளவு பெரிய பிரச்சினை என்றால், 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. ஆனாலும் கவுண்டரில் ட்யூபின் காலி முனையை நீட்டி "இதே ஒண்ணு குடுங்க" என்று கேட்கும் பிள்ளைகளை வாரந்தோறும் பார்க்கிறேன். இல்லையென்று சொன்னால் அடுத்த கடைக்குப் போகிறார்கள், எங்கேயோ கிடைத்துவிடுகிறது. அது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. சிவப்பழகுக்கு என்று கொடுக்கும் கிரீம்களில் மொமெட்டசோனோடு ஹைட்ரோகுவினோனும் ட்ரெட்டினோயினும் சேர்ந்திருக்கும். மங்குக்கு டாக்டர் சில வாரம் எழுதிக்கொடுக்கும் மருந்து அது. தினமும் பூசும் பவுடர் இல்லை. லேபிளே இல்லாத டப்பா கிரீம் என்றால் இன்னும் ஆபத்து. அந்த மாதிரி கிரீம்களில் பாதரசம் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது; அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

வீட்டு வைத்தியத்தைப் பற்றியும் கேட்பீர்கள். பயத்தமாவு, சந்தனம் பரவாயில்லை. குணப்படுத்தாது, கெடுக்கவும் கெடுக்காது. எலுமிச்சைச் சாறு, டூத் பேஸ்ட், சுண்ணாம்பு மூன்றும் தோலைப் பொசுக்கும். காலையில் பல் துலக்குவதற்கு முன் எச்சில் வைக்கும் பழக்கமும் வேண்டாம்.

சரியான மருந்துகள் என்னென்ன என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஸ்டீராய்டு போட்ட முகத்தில் இவற்றை நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம், தீயாக எரியும். ஸ்டீராய்டு படாத, லேசான பரு உள்ள முகத்துக்கு அடைப்பை எடுப்பது அடாபலீன் 0.1 சதவீத ஜெல். இரவில் முகம் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு, முகம் முழுவதற்குமாக ஒரு பட்டாணி அளவு. பருவின் மேல் மட்டும் பொட்டு வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. இனி வரப்போகும் பருவைத் தடுப்பதுதான் இதன் வேலை. முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். ஆரம்பத்தில் தோல் உரியும், பரு கொஞ்சம் கூடினாற்போலவும் இருக்கும். கர்ப்பமாக இருப்பவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். காலையில் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம் பாக்டீரியாவைக் குறைக்கும். அது துணியின் சாயத்தை எடுத்துவிடும், யூனிஃபார்ம் ஜாக்கிரதை. பிறகு மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன்.

பன்னிரண்டு வாரம் பொறுக்க வேண்டும். அடைப்பிலிருந்து பரு வர எவ்வளவு நாள் என்று மேலே சொன்னேன் அல்லவா, அதனால்தான். மூன்றாவது வாரத்தில் "வேலை செய்யல" என்று தூக்கிப்போட்டவர்கள்தான் பெரும்பாலும் அந்த ஸ்டீராய்டு ட்யூபுக்குப் போகிறார்கள்.

சிவந்த, வலிக்கும் பருக்கள் நிறைய இருந்தால் டாக்டர் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை எழுதலாம், வழக்கமாக மூன்று மாதத்துக்குள், மேல்பூச்சோடு சேர்த்து. ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு உடனே படுக்கக்கூடாது, உணவுக்குழாய் புண்ணாகும். கட்டியும் பள்ளமுமாக வந்தால் ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை. மிகவும் பலமான மருந்து, நன்றாகக் குணப்படுத்தும். ஆனால் அதைச் சாப்பிடும்போது கர்ப்பமானால் குழந்தைக்குக் கடுமையான ஊனம் வரும் ஆபத்து மிக அதிகம். நிறுத்திய பிறகும் ஒரு மாதம் கர்ப்பம் கூடாது. திருமணமான அக்காவின் மாத்திரையைத் தங்கை வாங்கிச் சாப்பிடுவது, தங்கையுடையதை அக்கா சாப்பிடுவது எதுவும் கூடவே கூடாது.

கிள்ளக்கூடாது. நம் மாதிரி மாநிறத் தோலில் பரு போன பிறகு கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். அது தானாக மங்கும். கிள்ளியதால் விழுந்த பள்ளம் தானாகப் போகாது.

இப்போது செய்யவேண்டியது: இந்த வாரமே தோல் டாக்டரிடம் காட்டுங்கள். உங்களுக்குப் பக்கத்தில் ஸ்டான்லி இருக்கிறது, நம் பாட்டிமார் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்வார்களே, அதுதான். தோல் நோய்ப் பிரிவு உண்டு, காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்குங்கள். ஸ்டீராய்டை ஒரேயடியாக நிறுத்துவதா, படிப்படியாகக் குறைப்பதா என்பதை எத்தனை நாள், எந்த வீரியம் என்று பார்த்து அவர்கள்தான் சொல்ல வேண்டும். நிறுத்தியதும் பரு பொங்கி வருவது சில வாரம், சிலருக்குச் சில மாதம்கூட இருக்கும். அது கடந்துபோகும் என்று மகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே போகமாட்டேன் என்பாள். "இந்த முகத்தோடு யார் கட்டிப்பான்" என்ற பேச்சு வீட்டில் யார் வாயிலிருந்தும் வரக்கூடாது.

போகும்போது இதுவரை தடவிய எல்லா ட்யூபையும், காலியானதையும் சேர்த்து, ஒரு பையில் எடுத்துப் போங்கள். கடைசி மூன்று மாதவிலக்குத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் கேட்கும்போது மகளையே பதில் சொல்ல விடுங்கள். எதை, எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை தடவை தடவினாள் என்பது அவளுக்குத்தான் சரியாகத் தெரியும். உங்களுக்குத் தெரியாமல் இன்னொரு ட்யூப் புத்தகப் பையில் இருந்தால், அதையும் அவள் தைரியமாக எடுத்து மேசை மேல் வைக்கும்படி இருக்கட்டும். அதற்காகத் திட்டாதீர்கள்.